பூக்கட்டும் கைகளுக்கு விடுமுறை எப்போது?

(மகாத்மா ஜோதிராவ் பூலே பிறந்த நாளான ஏப்ரல் 11 அன்று, மும்பையில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்காக நடைபெற்ற வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

வகுப்பு தொடங்கும் முன்னர் நாம் அனைவரும் எழுந்து நின்று ஜோதிராவ் பூலேயின் படத்துக்கு மாலை அணிவித்தோம். செண்டுமல்லியும் ரோஜாவும் சேர்த்துக் கட்டிய மாலை. இன்று விடியற்காலையில் தாதர் பூச்சந்தைக்குச் சென்று நமது தோழர் ஒருவர் அதை வாங்கி வந்தார். சொன்ன விலையைப் பேரம் பேசிக் குறைத்து வாங்கியதாக அவர் கூறினார். நாமும் அவரைப் பாராட்டினோம். அவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று; அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதையே செய்திருப்பேன். ஆனால் அந்த மாலையைக் கட்டியவர் யார், அதற்கு அவருக்குக் கிடைத்த கூலி எவ்வளவு என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. இன்றைய உரையை அந்தக் கேட்கப்படாத கேள்வியிலிருந்தே தொடங்க விரும்புகிறேன்.

விடுமுறை கேட்டவரின் சமூகம்

பூலே என்பது அந்தக் குடும்பத்தின் தொடக்கப் பெயர் அன்று. கோர்ஹே என்பதே பழைய பெயர். புணேயில் பேஷ்வாக்களின் அரண்மனைக்குப் பூவும் மாலையும் கொடுத்து வந்த மாலி சமூகக் குடும்பம் அது. மராத்தியில் ‘பூல்’ என்றால் பூ. அந்தத் தொழிலே குடும்பத்தின் பெயராகிப் பூலே ஆயிற்று. அரண்மனைக்கும் கோயிலுக்கும் அந்தக் குடும்பத்தின் பூ வேண்டியிருந்தது. அந்தக் குடும்பத்துப் பிள்ளை கல்வி கற்பதை மட்டும் சாதி ஒழுங்கு ஏற்கவில்லை. அதை எதிர்த்து எழுந்த ஜோதிராவும் சாவித்ரிபாயும் 1848இல் புணேயில் பெண்களுக்கான பள்ளியைத் திறந்தனர். 1873இல் சத்தியசோதக் சமாஜம் தோன்றியது.

அந்தச் சமாஜத்தில் வளர்ந்தவர் நாராயண் மேகாஜி லோகண்டே. அவரும் மாலி சமூகத்தைச் சேர்ந்தவரே. மும்பையின் பஞ்சாலைத் தொழிலாளர்களைத் திரட்டி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று இயக்கம் நடத்தினார். 1890இல் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினர். இன்று நாம் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கிறோம் என்றால், அதற்குப் பின்னால் அந்தப் போராட்டமும் இருக்கிறது.

பூ விற்ற சமூகத்திலிருந்து வந்த ஒருவர் ஆலைத் தொழிலாளிக்கு வார ஓய்வைப் பெற்றுத் தந்தார். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. பூக்கட்டும் தொழிலாளிக்கு இன்றும் வார ஓய்வு இல்லை. மற்றவர்களுக்கு எந்த நாள் விடுமுறையோ, அந்த நாளே அவருக்கு வேலை மிகுந்த நாள். குடிபாட்வா, விநாயகர் சதுர்த்தி, தசரா, தீபாவளி, திருமண முகூர்த்தங்கள் ஆகிய அனைத்துக்கும் முந்தைய இரவு அவர் உறங்குவதில்லை. நம் கொண்டாட்டங்களின் இந்த மறுபக்கத்தை வர்க்கக் கண்ணோட்டத்தில் புரிந்துகொள்வதே இன்றைய வகுப்பின் பொருள்.

ஒரு நாளில் மடியும் சரக்கு

பூவுக்கு மற்ற சரக்குகளிடம் இல்லாத ஓர் இயல்பு உண்டு. அரிசியை மூட்டையில் வைத்து விலை ஏறும்வரை காத்திருக்கலாம். வெங்காயத்தைக்கூடச் சில வாரங்கள் வைத்திருக்கலாம். உதிரி மல்லிகை விடியலில் மொட்டாக இருக்கிறது, மாலையில் மலர்கிறது, மறுநாள் குப்பையில் கிடக்கிறது. காத்திருக்க முடியாதவருக்குப் பேரம் பேசும் வலிமை இராது. பூத்தொழிலின் பொருளாதாரம் முழுவதையும் இந்த ஒரு செய்தியிலிருந்தே விளக்கிவிடலாம்.

வசாய் வட்டாரத்து விவசாயி இருட்டோடு பூப்பறித்து, கூடையைத் தூக்கிக்கொண்டு அதிகாலைப் புறநகர் ரயிலில் தாதர் வருகிறார். பால்கர் மாவட்டத்தின் ஜவ்கர், விக்ரம்கட் பகுதிகளில் ஆதிவாசி விவசாயிகள் பயிரிடும் மல்லிகையும் இங்கேதான் வருகிறது. புணே, சாத்தாரா, நாசிக் மாவட்டங்களிலிருந்து செண்டுமல்லியும் சாமந்தியும் ரோஜாவும் வண்டிகளில் வந்து இறங்குகின்றன. கூடையை இறக்கிய பின்னர் அதைத் திருப்பி எடுத்துச் செல்ல விவசாயியால் இயலாது. தரகர் சொல்லும் விலையே விலை. அதிலிருந்து கமிஷன் கழிக்கப்படும். முன்பணம் வாங்கியிருந்தால் அதுவும் கழிக்கப்படும்.

தசரா நாளில் செண்டுமல்லி விலை ஏறுவதை நாம் பார்க்கிறோம். அதே நாள் பிற்பகலில் விற்காத பூ தெருவோரம் குவிந்து கிடப்பதையும் பார்க்கிறோம். ஏறிய விலையின் பெரும்பயன் இடையில் இருப்பவருக்குச் செல்கிறது. விழுந்த விலையின் இழப்பை விளைவித்தவரும் கூடையில் வைத்து விற்பவரும் ஏற்கின்றனர்.

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு நாடு தழுவிய ஊரடங்கை ஒன்றியப் பிரதமர் அறிவித்தார். நள்ளிரவில் அது நடைமுறைக்கு வந்தது. மறுநாள் குடிபாட்வா. மராட்டியப் புத்தாண்டுக்கென்று வளர்த்த பூ வயலில் நின்றது. வாங்கி வைத்த பூ கூடையிலேயே வாடியது. கோயில் மூடியது, திருமணம் நின்றது, ரயில் நின்றது. பல மாநிலங்களில் விவசாயிகள் பூத்த வயலையே உழுது அழித்தனர். நான்கு மணி நேர அவகாசம் என்பது கிடங்கு வைத்திருப்பவருக்கு ஒரு பொருள், ஒரு கூடை மல்லிகை வைத்திருப்பவருக்கு வேறொரு பொருள் என்பதை அந்த இரவு காட்டியது.

வீட்டுக்குள் மறைந்த பட்டறை

சந்தையிலிருந்து உதிரிப்பூ அடுத்து எங்கே செல்கிறது? தாராவியிலும் இந்நகரின் மற்ற குடிசைப்பகுதிகளிலும் உள்ள பத்துக்குப் பத்து அறைகளுக்குச் செல்கிறது. அங்கே பெண்கள் கஜ்ரா தொடுக்கின்றனர், வேணி கட்டுகின்றனர், மாலை கோக்கின்றனர். பள்ளி விட்டு வந்த பிள்ளையும் பக்கத்தில் அமர்ந்து பூவை எடுத்துக் கொடுக்கிறது. கூலி நேரத்துக்கு இல்லை. கட்டிய சரத்தின் எண்ணிக்கைக்குத்தான். நூல் அவருடையது, விளக்கு அவருடையது, அமரும் இடத்தின் வாடகை அவருடையது. பூ நசுங்கினால் இழப்பும் அவருடையது.

இந்த உழைப்பின் அளவைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு உதவும். மும்பைக்கு வரும் பூக்களில் கர்நாடகத்தின் உடுப்பி மல்லிகையும் ஒன்று. அங்கே 800 மொட்டுகள் கட்டிய சரத்தை ஒரு செண்டு என்பார்கள். 4 செண்டுகள் சேர்ந்தால் ஓர் அட்டே. அதாவது ஓர் அட்டேயில் 3,200 மொட்டுகள். ஒவ்வொரு மொட்டையும் விரலால் எடுத்து, காம்பை ஒழுங்குபடுத்தி, நாரில் முடிச்சுப் போட வேண்டும். இது கையால் செய்யும் வேலை. வேகமாகக் கட்டுவதற்காகப் பிறவியிலேயே யாருக்கும் விரல்கள் படைக்கப்படவில்லை; சிறு வயது முதல் பழகிய திறன் அது. திறன் வாய்ந்த இந்த உழைப்பை “வீட்டில் சும்மா இருக்கும்போது செய்யும் கைவேலை” என்று நம் குடும்பங்களிலேயே சொல்கிறோம்.

‘மூலதனம்’ முதல் தொகுதியில் துண்டுக் கூலி பற்றி மார்க்ஸ் தனியே ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். துண்டுக் கூலி முறையில் மேற்பார்வையாளர் தேவைப்படுவதில்லை. தொழிலாளியே தன்னை விரட்டிக்கொள்கிறார். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையில் ஒருவர் புகுந்து, கூலியின் ஒரு பகுதியைத் தனதாக்கிக்கொள்ள அது வழிவகுக்கிறது என்று அவர் விளக்குகிறார். அதே நூலில் இங்கிலாந்தின் வீடுகளில் பெண்களும் குழந்தைகளும் சரிகைப் பின்னல் பின்னியதையும் வைக்கோல் முடைந்ததையும் விவரித்து, அந்த வீடுகள் பெருந்தொழிலின் வெளிப்புறப் பிரிவாகவே இயங்கின என்று காட்டுகிறார். ‘ரஷ்யாவில் முதலாளித்துவத்தின் வளர்ச்சி’ நூலில் லெனினும் வீட்டு உழைப்பை ஆராய்ந்தார். சிதறிக் கிடப்பதும், வேலை கொடுப்பவர் யாரென்று தெரியாதிருப்பதும்தான் இந்த உழைப்பாளர்களின் பெரிய பலவீனம் என்பதே அந்த ஆய்வுகள் நமக்குத் தரும் பாடம்.

சட்டம் இவரை எப்படிப் பார்க்கிறது? வீட்டு வேலை குறித்துப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதை இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. வீடுசார் தொழிலாளர் என்ற சொல்லுக்கு 2008ஆம் ஆண்டின் முறைசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வரையறை தந்தது; 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் தருகிறது. பதிவு உண்டு, அட்டை உண்டு. ஒரு சரத்துக்கு இவ்வளவு கூலி என்ற உத்தரவாதம் அவற்றில் இல்லை.

இது மாற்ற முடியாத நிலை என்று கருத வேண்டாம். பீடித் தொழிலாளர்களின் அனுபவம் நம் முன்னே இருக்கிறது. அவர்களும் வீட்டில் அமர்ந்து பீடி சுற்றியவர்களே. அவர்களையும் “தொழிலாளி அல்ல, வாங்கி விற்பவர்” என்றே முதலாளிகள் வாதிட்டனர். நீண்ட போராட்டங்களின் விளைவாக 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீட்டில் வேலை செய்பவரும் தொழிலாளியே என்று அது ஏற்றுக்கொண்டது. வருங்கால வைப்புநிதியும் அவர்களுக்கு உண்டு என்று 1985இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அப்படிப் பெற்ற 1966ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சேர்த்து, 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளுக்குள் ஒன்றிய அரசு கரைத்திருக்கிறது. பீடி சுற்றும் பெண் பெற்றதைக் காக்க வேண்டிய போராட்டமும், பூக்கட்டும் பெண் இன்னும் பெறாததைக் கேட்கும் போராட்டமும் ஒரே போராட்டத்தின் இரு முனைகள்.

நடைபாதையில் சட்டமும் தடியும்

கட்டிய சரம் அடுத்து நடைபாதைக்கு வருகிறது. நம் தெருமுனையில் ஒரு பலகையும் ஈரச் சாக்குமாக அமர்ந்திருக்கும் பூக்கார அம்மாவை நாம் அனைவரும் அறிவோம். எந்த வீட்டில் திருமணம், எந்த வீட்டில் சாவு, யாருக்கு வெள்ளிக்கிழமை மட்டும் பூ வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பணம் இல்லாத நாளில் கடனாகவும் தருவார். ஆனால் நகராட்சியின் பார்வையில் அவர் ஓர் ஆக்கிரமிப்பு.

நடைபாதை வியாபாரிகளின் உரிமைக்கான சட்டப் போராட்டத்தில் இந்நகருக்கு முக்கிய இடம் உண்டு. பம்பாய் வியாபாரிகள் சங்கம் தொடுத்த வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1989இல் தில்லி வழக்கு ஒன்றில், நடைபாதை வியாபாரமும் அரசமைப்புச் சட்டம் தரும் தொழில் உரிமைக்குள் அடங்கும் என்று கூறியது. இறுதியாக 2014இல் தெருவோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒவ்வொரு தோழரும் நினைவில் வைக்க வேண்டிய அதன் கூறுகள் சில உண்டு. கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்று வழங்கும்வரை எவரையும் அகற்றக் கூடாது. இடம் மாற்றுவதற்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும்; அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும்.

சட்டம் இருக்கிறது, நடைமுறை எப்படி இருக்கிறது? மும்பையில் நகர விற்பனைக் குழுவுக்கான தேர்தல் 2024 ஆகஸ்டில்தான் நடந்தது. சட்டம் வந்து பத்து ஆண்டுகளுக்குப் பின்னர்! மகாராஷ்டிரத்தில் வசிப்பிடச் சான்று வேண்டும் என்ற நிபந்தனை, வெளிமாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்துகிறது. ரயில்வே நிலத்துக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. பூ விற்பவருக்கோ ரயில் நிலைய வாசல்தான் சந்தை.

இங்கே 2017 செப்டம்பர் 29ஐ நினைவுகூர வேண்டும். தசராவுக்கு முந்தைய நாள். எல்பின்ஸ்டன் சாலை நிலையத்தின் குறுகிய நடைமேம்பாலத்தில், மழைக்கு ஒதுங்கிய கூட்டம் திணறி நின்றது. அந்த நெரிசலில் 23 பேர் உயிரிழந்தனர். ஒருவர் சுமந்து வந்த பூமூட்டை சரிந்து “பூ விழுந்துவிட்டது” என்று இந்தியில் கூவியதாகவும், அது “பாலம் விழுந்துவிட்டது” என்று கூட்டத்தின் காதில் விழுந்ததாகவும் உயிர்தப்பிய ஒருவர் விசாரணையில் கூறினார் என்று செய்திகள் வந்தன. இந்தியில் பூவுக்கும் பாலத்துக்குமான சொற்கள் ஓசையில் நெருங்கியவை.

இந்தச் செய்தி பரவிய பின்னர் பேச்சு முழுவதும் பூமூட்டையைச் சுற்றியே நடந்தது. அந்தப் பாலம் குறுகியது என்று பயணிகள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வந்தது பின்னுக்குப் போயிற்று. பஞ்சாலைகள் இருந்த இடங்களில் அலுவலகக் கோபுரங்கள் எழுந்து, பயணிகள் பன்மடங்கு பெருகியும் நிலையம் பழைய அளவிலேயே இருந்தது பேசப்படவில்லை. நெரிசல் நடந்த சில மாதங்களுக்குள், 2018 பிப்ரவரியில், ராணுவத்தைக் கொண்டு புதிய பாலம் கட்டித் திறந்தனர். கட்ட முடியும் என்பதற்கு அதுவே சான்று. அதற்கிடையில் தண்டனை வேறு இடத்தில் விழுந்தது. நிலையங்களைச் சுற்றி 150 மீட்டருக்குள் வியாபாரம் கூடாது என்று 2017 நவம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு முன்னரே நிலைய வாசல்களில் கடைகளை அடித்து நொறுக்கியவர்கள், வியாபாரிகளை “வெளிமாநிலத்தவர்” என்று ஏசினர். 1960களின் இறுதியில் இதே நகரில் இதே சொல் யார்மீது வீசப்பட்டது என்பதை இங்கே அமர்ந்திருக்கும் மூத்த தோழர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

நம் சொந்த வரலாற்றையும் மறைக்க வேண்டாம். 1996 நவம்பரில் கொல்கத்தாவில், இடது முன்னணி ஆட்சிக் காலத்தில், ‘ஆபரேஷன் சன்ஷைன்’ என்ற பெயரில் நடைபாதைக் கடைகள் அகற்றப்பட்டன. நகரத்தை ஒழுங்குபடுத்துவது என்ற கேள்வியில் உழைப்பாளியின் இடம் எது என்பதை நாமும் தெளிவாகக் காணத் தவறிய தருணம் அது. நம் பிழையிலிருந்து நாம் கற்கிறோம் என்று சொன்னால்தான், மற்றவர்களின் பிழையைச் சுட்டும் தகுதி நமக்கு உண்டு.

மணமேடையும் செயலியும்

பூத்தொழிலில் இப்போது நடக்கும் மாற்றத்துக்கு வருகிறேன். முன்பு திருமணம் என்றால் தெருமுனைப் பூக்கடைக்காரரே மாலை கட்டி, வண்டிக்குப் பூச்சுற்றி, மேடைக்கும் சரம் தொங்கவிடுவார். இன்று அந்த வேலையை நிகழ்ச்சி மேலாண்மை நிறுவனங்கள் மொத்தமாக ஒப்பந்தம் எடுக்கின்றன. நிறுவனம் அலங்கார ஒப்பந்தக்காரரிடம் விடுகிறது. அவர் உள் ஒப்பந்தக்காரரிடம் விடுகிறார். அவர் இரவு வேலைக்கு ஆள் பிடிக்கிறார். மணமக்கள் வருவதற்கு முன்னர் ஏணியில் நின்று விடிய விடியப் பூக்கட்டும் இளைஞர்கள், விருந்து தொடங்கும்போது மண்டபத்தின் பின்வாசலில் உறங்குகின்றனர். ஏணியிலிருந்து விழுந்தால் இழப்பீடு கொடுக்க வேண்டியவர் யார் என்று இந்த ஒப்பந்தச் சங்கிலியில் தேடினால் கிடைக்காது.

மறுபுறம் அலைபேசிச் செயலிகள் வந்துள்ளன. பூங்கொத்தும், அன்றாடப் பூசைப் பூவும் சந்தா முறையில் வீட்டு வாசலுக்கு வருகின்றன. வாங்குபவருக்கு வசதி என்பதை மறுக்க வேண்டியதில்லை. தொழில்நுட்பத்தை நாம் எதிர்க்கவும் இல்லை. ஆனால் தொடக்கத்தில் நட்டத்துக்கு விற்றுச் சந்தையைப் பிடிக்கும் முதலீடு தெருமுனை அம்மாவிடம் இல்லை. அவர் காலையில் கடன் வாங்கி மாலையில் வட்டியோடு கட்டுபவர். 2020இல் ஒன்றிய அரசு அறிவித்த தெருவோர வியாபாரிகள் திட்டம் முதல் தவணையாக அவருக்குத் தந்தது 10,000 ரூபாய் கடன். செயலி நிறுவனத்துடன் போட்டியிட அவருக்குக் கடன் மட்டும் தருவதும், அமரும் இடத்துக்கு உரிமை தராதிருப்பதும் எந்த வகை நியாயம்? செயலிக்காகப் பூவைச் சுமந்து வரும் இளைஞரும் முதலாளி அல்லர். அவரையும் “கூட்டாளி” என்று பெயரிட்டுத் தொழிலாளி என்ற உரிமையைப் பறித்திருக்கிறார்கள். பூக்கார அம்மாவும் விநியோக இளைஞரும் ஒருவரையொருவர் எதிரியாகக் காணும்வரை ஆதாயம் மூன்றாமவருக்கே.

நெகிழிப் பூக்களையும் குறிப்பிட வேண்டும். 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருட்கள் சிலவற்றை ஒன்றிய அரசு தடை செய்தது. பலூன் குச்சியும் அலங்காரத் தெர்மகோலும் அந்தப் பட்டியலில் உண்டு; நெகிழிப் பூ இல்லை. மகாராஷ்டிரப் பூ விவசாயிகள் அதற்குத் தடை கோரி வருகின்றனர். அவர்களின் கோரிக்கையை நாம் ஆதரிக்க வேண்டும்.

பூ மதம் கேட்பதில்லை

தாதர் சந்தையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்துக்குள் எத்தனை வாசல்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பிரபாதேவியில் சித்திவிநாயகர் கோயில், மாஹிமில் தர்கா, அதே மாஹிமில் புதன்கிழமைதோறும் மக்கள் திரளும் புனித மிக்கேல் தேவாலயம், டிசம்பர் 6 அன்று லட்சக்கணக்கானோர் அண்ணல் அம்பேத்கருக்கு மரியாதை செலுத்த வரும் சைத்தியபூமி. இந்த வாசல்களுக்கெல்லாம் பூ இந்தச் சந்தையிலிருந்தே செல்கிறது. கூடையில் இருக்கும்போது ஒரே பூ. எந்த வாசலில் இறங்குகிறதோ, அதற்கேற்ப அதன் பெயர் மாறுகிறது.

ராஜஸ்தானில் புஷ்கரின் வயல்களில் விளையும் ரோஜா அஜ்மீர் தர்காவுக்குச் செல்கிறது. உடுப்பி மல்லிகையை வீட்டுத் தோட்டங்களில் வளர்ப்பவர்களில் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல. அந்தப் பூவைக் கோயில்களும் திருமண வீடுகளும் வாங்குகின்றன. அதே உடுப்பி மாவட்டத்தின் காப்பு நகரில் 2022 மார்ச்சில், கோயில் திருவிழாவில் முஸ்லிம் வியாபாரிகள் கடை போடக் கூடாது என்று தடுத்தனர். வயிற்றுப் பிழைப்பின் பெயரால் மக்கள் ஒன்றாக நிற்கும் இடத்தையே வகுப்புவாதம் முதலில் தாக்குகிறது. சந்தையின் ஒற்றுமையைக் காப்பது மதநல்லிணக்கப் பேச்சாக மட்டும் நிற்கக் கூடாது. தொழிற்சங்கப் பணியாகவும் அமைய வேண்டும்.

நம் முன்னுள்ள பணிகள்

முதலாவதாக, கணக்கெடுப்பு. ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் பூக்கட்டுபவர் யார், யாருக்காகக் கட்டுகிறார், ஒரு சரத்துக்கு என்ன கூலி, முன்பணக் கடன் எவ்வளவு என்று வீடு வீடாகச் சென்று எழுத வேண்டும். அரசு எடுக்காத கணக்கை நாம் எடுத்தால்தான் கூலிக் கோரிக்கைக்கு அடித்தளம் கிடைக்கும். இந்தப் பணியை மாதர் அமைப்புத் தோழர்கள் முன்னின்று செய்வதே பொருத்தம்.

இரண்டாவதாக, கூலி. கட்டும் கூலியைச் சந்தையில் பலகையில் எழுதி வைக்க வேண்டும், பண்டிகைக்கும் முகூர்த்தத்துக்கும் முந்தைய இரவுகளுக்கு இரட்டைக் கூலி வேண்டும், பூக்கட்டுதலைக் குறைந்தபட்சக் கூலிக்குரிய தொழிலாக அறிவிக்க வேண்டும் என்பவை நமது கோரிக்கைகள்.

மூன்றாவதாக, இடம். நகர விற்பனைக் குழுவின் வாக்காளர் பட்டியலில் பூ விற்பவர் ஒவ்வொருவரின் பெயரும் இடம்பெறப் போராட வேண்டும். சந்தையில் கழிப்பறை, குடிநீர், இரவில் வரும் பெண்கள் தங்குமிடம், கூட்டுறவுக் குளிர்பதன அறை ஆகியவற்றைக் கேட்க வேண்டும். குளிர்பதன அறை என்பது ஆடம்பரமன்று. காத்திருக்க முடிந்தால்தான் பேரம் பேச முடியும் என்று தொடக்கத்தில் சொன்னேன்.

நான்காவதாக, ஒற்றுமை. விளைவிப்பவர், கட்டுபவர், விற்பவர், மேடை அலங்கரிப்பவர், சுமந்து செல்பவர் ஆகிய ஐவரையும் ஒரே மேசையைச் சுற்றி அமர்த்த வேண்டும். அவர்களுக்குள் விலை குறித்த முரண்பாடு உண்டு; அதை மூடி மறைக்க முடியாது. பேசித் தீர்க்கும் இடத்தை உருவாக்குவது விவசாயிகள் அமைப்புக்கும் தொழிற்சங்கத்துக்கும் உள்ள கூட்டுப் பொறுப்பு.

இறுதியாக, நம்மைப் பற்றி. நமது மாநாடுகளிலும் தியாகிகள் நினைவிடங்களிலும் மாலையும் மலர்வளையமும் வைக்கிறோம். மேலே மார்க்சின் படம், கீழே யாரோ துண்டுக் கூலிக்குக் கட்டிய மாலை. இனி மாலை வாங்கும் தோழர் விலையைக் குறைக்கப் பேசுவதற்கு முன்னர், கட்டியவருக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேட்டு வரட்டும். அந்தக் கேள்வியே அந்தப் பெண்ணோடு நமது முதல் உரையாடலாக அமையும்.

இன்னும் 20 நாட்களில் மே தினம். எட்டு மணி நேர வேலைக்கும் ஓய்வுக்குமாக உயிர் கொடுத்தவர்களின் நாள். அன்று நம் ஊர்வலம் கடந்து செல்லும் தெருவோரத்தில் பூக்கார அம்மா வழக்கம்போல அமர்ந்திருப்பார். இந்த முறை அவரிடம் மாலை வாங்கிக்கொண்டு கடந்துவிட வேண்டாம். முந்தைய வாரமே அவர் வீட்டுக்குச் சென்று பேசுவோம். அடுத்த ஆண்டு இதே நாளில் பூலேயின் படத்துக்கு மாலை அணிவிக்கும்போது, அதைக் கட்டியவர் நம் அமைப்பின் உறுப்பினராக இந்த அறையில் அமர்ந்திருக்க வேண்டும். மாலையை அவரே அணிவிக்க வேண்டும்.

செவ்வணக்கம்!